மாடியில் மண் ஏற்றும் முன்

பள்ளியின் மொட்டை மாடியில் காய்கறித் தோட்டம் போட வேண்டும், பிள்ளைகளோடு தெருக்காரர்களும் வந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கட்டட வரைபடத்தைத்தான் கேட்பேன். விதையும் உரமும் அப்புறம்.

ஒரு சதுர அடியில் ஓர் அடி உயரத்துக்கு மண் நிரப்பித் தண்ணீர் விட்டால் ஏறத்தாழ 50 கிலோ கனக்கும். ஆட்கள் நடமாடும் மாடிக்கு நம் நாட்டுக் கட்டட விதிகள் கணக்கிடும் பாரமோ சதுர அடிக்குச் சுமார் 14 கிலோதான். இதைப் பார்க்காமல் தளம் முழுக்கச் செம்மண் பரப்பிய ஒரு சென்னைப் பள்ளிக்கு, மூன்றாவது ஐப்பசி மழை முடிந்த பிறகு போனேன். நேர் கீழே இருந்த ஐந்தாம் வகுப்பில் காரை பெயர்ந்து, துருவேறிய கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கிப் பாடம் நடத்தினார்கள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் மிகுதியாக, செம்மண் கொஞ்சமாகக் கலந்தால் கனம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அப்போதும் வளர்பைகளை நெருக்கி அடுக்கக் கூடாது. சுவருக்கும் பீமுக்கும் நேர் மேலே வரிசை பிடித்து, நடுவில் நடைபாதை விட வேண்டும். பைகள் அரையடி உயரத் தாங்கிகளில் நின்றால்தான் தண்ணீர் தேங்குமிடம் கண்ணில் படும். பழைய கட்டடமென்றால் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் ஒரு கூடை மண்கூட ஏற்றாதீர்கள்.

தளம் தாங்கினாலும், பல பள்ளித் தோட்டங்கள் மே மாதத்தில் கருகிவிடுகின்றன. பள்ளி விடுமுறை, கதவு பூட்டு, தண்ணீர் விட ஆளில்லை. அதனால் இப்போதெல்லாம் தெருப்பக்கமிருந்து மாடிக்குத் தனிப் படிக்கட்டு இல்லாமல் நான் வரைபடமே போடுவதில்லை. செலவு அதிகம் என்பார்கள், நான் விட்டுக்கொடுப்பதில்லை. அந்தக் கதவின் சாவி அந்தத் தெரு மகளிர் குழுவிடம் இருக்க வேண்டும், விளைவதில் அவர்களுக்கும் பங்கு வேண்டும்.

அப்படிக் கட்டிய ஒரு பள்ளியில், கோடை முழுவதும் காலையும் மாலையும் ஒரு பாட்டி படியேறி வந்து தண்ணீர் விட்டார். நான்கு வெண்டைச் செடிகளில் மட்டும் காயைப் பறிக்கவே இல்லை. ஜூனில் பள்ளி திறந்ததும், முற்றிக் காய்ந்த அந்தக் காய்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து, "ஆடிப் பட்டத்துக்கு இதுதான் விதை, உடைத்துப் பாருங்கள்" என்றார்.