குறிப்புப்பொருள்

அகராதி தரும் பொருளுக்கு மேலாக ஒரு சொல் உணர்த்தி நிற்பதுதான் குறிப்புப்பொருள். ஆங்கிலத்தில் இதைக் கனோட்டேஷன் என்பார்கள். இலத்தீன் வேரைப் பார்த்தால் ‘உடன் சேர்த்துக் குறிப்பது’ என்று வரும்.

திருநெல்வேலிப் பேச்சிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ‘சவம்’. வடசொல், நேர்த்தமிழ் ‘பிணம்’. அகராதிக்கு இரண்டும் ஒன்றுதான். பாளையங்கோட்டைச் சந்தையில் பையின் காது அறுந்து தக்காளி உருண்டால், “சவம், இப்பமா அறணும்!” என்பார்கள். பத்து ரூபாய் தொலைந்தால், “சவத்த விடுங்க, போவட்டும்.” சாப்பிட வராமல் தெருவில் ஆடும் பேரனை ஆச்சி, “ஏ சவத்து மூதி, சோறு ஆறுதுல்லா” என்று கூப்பிடுவாள். வசவு பாதி, கொஞ்சல் பாதி. அங்கே ‘பிணம்’ என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், மருமகள் சண்டைக்கு வந்துவிடுவாள். இத்தனைக்கும், துட்டி கேட்க, அதாவது சாவுக்குத் துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் அதே ஆச்சி “பெரியவர் தவறிட்டாராமே” என்றுதான் பேசுவாள்.

‘அண்ணாச்சி’யும் அப்படித்தான். நெல்லையில் மூத்தவருக்கான மரியாதை. சென்னையில் சொன்னால் மளிகைக்கடை கண்முன் வரும். இங்கிருந்து போய்க் கடை வைத்தவர்கள் அந்தச் சொல்லுக்குச் சம்பாதித்துக் கொடுத்த பொருள் அது.

இதெல்லாம் நம் இலக்கணத்துக்குப் புதிதல்ல. “தெரிபுவேறு நிலையலும் குறிப்பின் தோன்றலும் இருபாற்று என்ப பொருண்மை நிலையே” என்கிறது தொல்காப்பியச் சொல்லதிகாரம். சொல்லிலேயே வெளிப்படையாகத் தெரிவது ஒன்று, குறிப்பால் தோன்றுவது ஒன்று. அந்த அதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர் தாமிரபரணிக் கரை ஆற்றூர்க்காரர் என்பது கல்வெட்டை வைத்து ஆய்வாளர்கள் சொல்வது. நமக்குக் கொஞ்சம் பெருமைதான். பின்னால் வந்த நன்னூல் ‘வெளிப்படை’, ‘குறிப்பு’ என்று இன்னும் கறாராகப் பிரிக்கும்.

வடமொழியில் இதன் பேர் ‘தொனி’. காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் 9ஆம் நூற்றாண்டில் இதைப் பெரிய கொள்கையாகவே வளர்த்தார். ‘கங்கையில் இடைச்சேரி’ (இடையர் குடியிருப்பு) என்பது அந்த மரபின் பழைய உதாரணம். ஆற்றுக்குள் யாரும் குடியிருக்க முடியாது, ஆகவே கரை என்று கொள்கிறோம். ஆனாலும் ‘கரையில்’ என்று சொன்னால் கிடைக்காத குளிர்ச்சியும் தூய்மையும் ‘கங்கையில்’ என்பதில் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

கனோட்டேஷனுக்குத் ‘தொனி’ என்றே எழுதலாமா? வேண்டாம் என்பேன். இன்றைய தமிழில் தொனி என்றால் குரலின் போக்கு. “அவர் பேசின தொனி சரியில்லை” என்கிறோமே, அது. ‘உட்பொருள்’, ‘மறைபொருள்’ இரண்டிலும் ஏதோ ஒளித்து வைத்த வாடை அடிக்கிறது; ஆச்சி எதையும் ஒளிக்கவில்லை. குறிப்புப்பொருள்தான் பொருத்தம். அடைமொழி வேண்டுமானால் ‘இழிகுறிப்பு’, ‘உயர்குறிப்பு’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

சங்கப் பாட்டில் சொல்லுக்கு அப்பால் நிற்கும் பொருளுக்கு ‘இறைச்சி’ என்று அழகான பழம்பெயரும் உண்டு. பாடத்துக்கு வெளியே அதைப் புழங்க வழியில்லை. கேட்பவர் ஆடா கோழியா என்பார்.