மான் வேட்டை அம்பும் உங்கள் பிள்ளையின் வில்லும்

மதுரையில் பிள்ளைகளுக்கு வில்வித்தை சொல்லிக் கொடுக்கிறேன். கோடை விடுமுறையில் புதிதாகச் சேருகிறவர்களில் சிலர், வில்லைப் பிடிக்கப் பழகும் முன்பே சொந்தமாகக் கார்பன் அம்பு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஆன்லைனில் வாங்கியதாக இருக்கும். பெட்டியில் கொம்பு வைத்த மான் படம், அம்பின் தண்டில் இலைதழை டிசைன். மேலூர்ப் பக்கத்திலிருந்து மகளைக் கூட்டி வந்த ஒருவர் பெருமையாகவே எடுத்து நீட்டினார்.

"மானையே சாய்க்கிற அம்பாம் சார். இந்த அட்டையைத் துளைக்காதா?"

"துளைக்கும்ண்ணே. அட்டையில பட்டாத்தானே?"

அந்தப் பிள்ளையின் வில்லை இழுக்கும் விசை 22 பவுண்டு. அம்பில் 340 என்று போட்டிருந்தது. விலையை விடுங்கள், இந்த இரண்டு எண்ணும் ஒன்றோடொன்று சேரவே சேராது.

340 என்பது ஸ்பைன், அதாவது அம்பு எவ்வளவு வளையும் என்பதன் கணக்கு. கார்பன் தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு பக்கமும் தாங்க வைத்து, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிடுவார்கள். 0.340 அங்குலம் தொய்ந்தால் அது 340. 0.900 அங்குலம் தொய்ந்தால் 900. எண் கூடினால் அம்பு இளக்கம், குறைந்தால் விறைப்பு. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சின்ன எண் என்று வாங்கிவிடுகிறார்கள்.

பிள்ளைகள் பழகும் ரிகர்வ் வில்லில், அதாவது நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்லில், நாணை விரலால் விடும்போது அம்பு நேராகக் கிளம்புவதில்லை. ஒரு வளைவு வளைந்து, வில்லின் உடலைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. விறைத்த அம்பு வளையாமல் வில்லில் உரசிவிடும். வலது கைக்காரருக்கு இடது பக்கமாகவே போய் விழும். முழங்கையைத் திருத்தி, தோளைத் திருத்தி, பிள்ளையைத் திட்டியும் பார்ப்போம். குற்றம் அம்பில் இருக்கும்.

வில்லில் எழுதியிருக்கும் பவுண்டையும் அப்படியே நம்பக் கூடாது. அது 28 அங்குலம் இழுத்தால் வரும் கணக்கு. 25 அங்குலம்தான் இழுக்க முடிகிற பிள்ளைக்கு, அங்குலத்துக்கு ஏறக்குறைய 2 பவுண்டு குறைந்து, 22 பவுண்டு வில் 16 பவுண்டுதான் தரும். அதற்கு 1000-ஐ ஒட்டியோ அதற்கும் மேலோ உள்ள ஸ்பைன் வேண்டும்.

அப்படியானால் 340 யாருக்கு? அமெரிக்காவில் லைசென்ஸ் எடுத்து, சீசனில் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு. அவர்கள் கையில் இருப்பது 60, 70 பவுண்டு காம்பவுண்ட் வில், நுனிகளில் சக்கரம் வைத்தது. அம்பின் மொத்த எடை பொதுவாக 400 முதல் 500 கிரெய்ன், அதாவது 26 முதல் 32 கிராம். முனையில் மட்டும் 100 அல்லது 125 கிரெய்னுக்குப் பிளேடு வைத்த தலை. கனமான அம்பு விலா எலும்பைக் கடந்து நுரையீரல் வரை போனால்தான் மான் துடிக்காமல் சாகும். அதற்காகத்தான் அந்த எடை. பிளேடு காற்றைப் பிடித்துப் பாதையை மாற்றும் என்பதால் தண்டு நேராகவும், வில்லுக்குத் தகுந்த விறைப்போடும் இருக்க வேண்டும். அம்பு உள்ளே உடைந்துவிட்டால், அந்த இடத்து இறைச்சியை அகலமாக வெட்டி எறிந்துவிடுவார்கள். கார்பன் சிலாம்பு வயிற்றுக்குள் போகக் கூடாதே. அவர்கள் வேலைக்கு அது சரியான அம்பு.

நமக்கு அந்த வேலையே இல்லை. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம், ஜெயில்தான். சாப்டூர் மலையடிவாரத்தில் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள், சும்மா போய் எய்து பார்க்கலாம் என்று ஒரு பையன் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. அந்தக் காடு 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. விளையாட்டுக்குக்கூட வில்லோடு அங்கே போகக் கூடாது.

விறைத்த அம்பு குறி தவறும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது இதற்கு நேர்மாறானதற்கு. தங்கையின் மெல்லிய அம்பை எடுத்து அண்ணன் தன் 50 பவுண்டு காம்பவுண்டில் பூட்டுவான். இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் அம்பில் குறைந்தது 5 கிரெய்ன் எடை வேண்டும். 50 பவுண்டுக்கு 250 கிரெய்ன். அதற்குக் கீழே போனால் வில்லே பழுதாகும். அதைவிட, வலுவில்லாத தண்டு நாண் விட்ட கணமே உடையலாம். அலுமினியம் வளையும், கார்பன் சிதறும். சிதறிய துண்டு வில் பிடித்த கையில்தான் ஏறும்.

நல்ல அம்பும் அடிபட்டால் இதே கதைதான். மரச் சட்டத்திலோ கல்லிலோ இன்னொரு அம்பிலோ பட்ட அம்பை அப்படியே திரும்பப் பூட்டாதீர்கள். முதலில் நாக், அதாவது நாணில் மாட்டும் பின்முனை, கீறியிருக்கிறதா பாருங்கள். பிறகு முகத்திலிருந்து தள்ளி வைத்து, இரண்டு முனைகளையும் பிடித்து லேசாக வளையுங்கள். கால் திருப்பு திருப்பித் திரும்பவும் வளையுங்கள். நொறுநொறுவென்று சத்தம் கேட்டால் அந்த அம்பு அவ்வளவுதான், இரண்டாக ஒடித்துப் போட்டுவிடுங்கள், வேறு யாரும் எடுத்து எய்யாதபடி. வெறும் விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். பஞ்சை ஓட்டுங்கள், சிலாம்பு இருந்தால் மாட்டிக்கொள்ளும். அடி படாவிட்டாலும் எய்யும் முன் ஒவ்வொரு முறையும் இதைப் பார்ப்பதே முறை. என் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள், சலித்துக்கொள்ளட்டும்.

நம்ம ஊர் வெயிலுக்கு இன்னொன்று. கார் டிக்கியில் அம்புக் கூட்டை மதியம் முழுக்கப் போட்டு வைத்தால், முனையை ஒட்டியிருக்கும், சூட்டில் உருகும் ஹாட்மெல்ட் பசை இளகிவிடும். அம்பை உருவும்போது தண்டு மட்டும் கையோடு வரும், முனை டார்கெட்டுக்குள் தங்கிவிடும். திரும்ப ஒட்டும்போது இரும்பு முனையை மட்டும் சூடாக்குங்கள். தண்டில் தீ பட்டால் கார்பன் கெடும்.

நீளம் அதிகம் என்று வீட்டில் ஆக்சா பிளேடால் அறுக்காதீர்கள், முனை பிளந்துவிடும். வேகமாகச் சுற்றும் கட்டிங் வீல் வேண்டும், மாஸ்க்கும் வேண்டும். வளர்கிற பிள்ளைக்கு, முழுக்க இழுத்த நிலையில் அம்பு, வில்லில் அதைத் தாங்கும் ரெஸ்ட்டைத் தாண்டி 2 அங்குலமாவது நீண்டிருக்கட்டும். குட்டை அம்பு ரெஸ்ட்டுக்குப் பின்னால் இறங்கினால் வில் பிடித்த கைதான் மாட்டும். ஆனால் ஒன்று: அதே தண்டு நீளமாக இருந்தால் இன்னும் இளகும், முனை கனத்தாலும் இளகும். அதனால் கடைக்காரரிடம் வில்லின் பவுண்டு, பிள்ளை இழுக்கும் அளவு, அம்பின் நீளம், முனையின் எடை நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். "பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குக் கொடுங்க" என்று கேட்டால் அவர் கையில் இருப்பதைத்தான் கொடுப்பார்.

டஜனாக வாங்க வேண்டாம். 70 மீட்டர் தகுதிச் சுற்றில்கூட ஒரு முறைக்கு 6 அம்புதான். உபரிக்கு இரண்டு சேர்த்து 8 போதும். அடுத்த வருடம் பிள்ளை இன்னும் அதிகம் இழுக்கும், ஸ்பைன் மாறிவிடும். எட்டும் ஒரே மாதிரி, ஒரே நிறத்தில் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் இனிஷியலை எழுதிவிடுங்கள், போட்டியில் கேட்பார்கள்.