பின்சில்லைப் பூட்டினால் மட்டும் போதாது

யாழ்ப்பாணத்தில் பல அலுவலகங்களில் சைக்கிளுக்கென்று ஒதுக்கிய இடம் கட்டடத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தாங்கிக்குக் கீழேதான். பத்துப் பதினைந்து சைக்கிள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும். நடுவில் உள்ளதை இழுத்தால் நான்கு விழும். எல்லாவற்றிலும் பின்சில்லு வளையப் பூட்டு போட்டிருக்கும். அந்தப் பூட்டு சில்லை உருளவிடாது, அவ்வளவுதான். சைக்கிளைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றுகிறவனை அது தடுக்காது.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சைக்கிளை எடுத்தவர்கள் ஏராளம். இன்றும் அதில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அலுவலகம் செய்து கொடுக்க வேண்டியது பெரிய கொட்டகை அல்ல. சைக்கிளின் சட்டத்தை (பிரேமை), நிலத்தில் ஊன்றிய இரும்போடு சேர்த்துப் பூட்ட ஒரு வழி வேண்டும்.

முன்சில்லைச் செருகி நிறுத்தும் கம்பி ஸ்டாண்டுகளை வாங்க வேண்டாம். மலிவுதான், ஆனால் அதில் முன்சில்லை மட்டுமே பூட்டலாம். நட்டைக் கழற்றினால் சில்லு அங்கே நிற்கும், மிச்சச் சைக்கிள் போய்விடும். பக்கத்துச் சைக்கிள் சரிந்து தட்டினால் பாரம் முழுவதும் ரிம்மில் விழுந்து அது கோணும்.

நல்லது கவிழ்த்த ‘ப’ வடிவ வளையம். வெல்டிங் கடையில் சொல்ல வேண்டிய அளவு இது: ஒன்றரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், நிலத்துக்கு மேல் இரண்டரை அடி உயரம், இரண்டரை அடி அகலம், ஒவ்வொரு காலும் நிலத்துக்குள் ஒரு அடி. ஒரு வளையத்துக்கு ஒன்பதரை அடி பைப் போகும். இருபது அடிப் பைப் ஒன்றில் இரண்டு வளையம் வரும். ஒரு வளையத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு சைக்கிள் நிற்கும். ஆக, ஒரு பைப்பில் நான்கு பேரின் சைக்கிள். லேடீஸ் சைக்கிளுக்கு மேல்பார் இல்லாததால், நிலத்திலிருந்து ஒன்றேகால் அடியில் குறுக்கே இன்னொரு கம்பியையும் ஒட்டச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் பெண்கள் பழையபடி கரியரில்தான் பூட்டைக் கொழுவுவார்கள்; கரியரோ இரண்டு நட்டில் கழன்று வரும்.

நிலத்துக்குள் போகும் கால்களைக் கொங்கிறீற்றுப் போட்டு இறுக்க வேண்டும். அவற்றின் அடியில் ஒரு துண்டுக் கம்பியைக் குறுக்கே ஒட்டினால், யாரும் வளையத்தைத் திருகி இழுக்க முடியாது. எங்கள் பக்கம் பல இடங்களில் ஒரு அடி தோண்டுமுன்னரே சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். அங்கே காலுக்குத் தகட்டை ஒட்டி, கல்லில் துளையிட்டுப் பொருத்தும் ஆங்கர் போல்ட் இறுக்கி, இறுக்கிய பிறகு நட்டின் மேல் ஒரு பொட்டு வெல்டிங் வையுங்கள். அந்தப் பொட்டை விட்டுவிட்டால் ஒரு ஸ்பானர் போதும், வளையமே போய்விடும்.

வளையத்துக்கு வளையம் மூன்று அடிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஹாண்டிலும் கூடையும் சிக்கும். இரண்டாவது சைக்கிளை யாரும் உள்ளே விடமாட்டார்கள். மதிலுக்கும் வளையத்துக்கும் இடையில் இரண்டு அடி விடுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, காவலாளி இருக்கும் கேற்றடிதான் சரி. பின்பக்கம் ‘பாதுகாப்பு’ என்று நினைப்பது தவறு. யாரும் பார்க்காத இடத்தில் பூட்டு வெட்டுகிறவனுக்கு அவசரமில்லை. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வெளியே வரும் ஊழியர்கள் இருந்தால் ஒரு விளக்கும் வேண்டும். தென்னைக்குக் கீழே வேண்டாம். மதிலோடு தகரப் பத்தி ஒன்றை இறக்கினால் வெயிலுக்கு ரயர் வெடிக்காது, சீற் பிளக்காது; மாரிச் சாரல் வடகிழக்கிலிருந்து அடிப்பதால் அந்தப் பக்கத்தை மறைத்தாலே பெரும்பகுதி நனையாது. மோட்டார் சைக்கிளுக்கு வேறு இடம் குறித்துக் கொடுங்கள். இல்லையென்றால் ஒரு மாதத்தில் அவைதான் பத்திக்குள் நிற்கும்.

இனிப் பூட்டு. மெல்லிய கேபிள் பூட்டை ஒரு குறடு நொடியில் அறுத்துவிடும். ‘யு’ பூட்டு, அல்லது பத்து மில்லிமீற்றர் சங்கிலி நல்லது. பின்சில்லு, சட்டம், வளையம் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். சங்கிலி தொங்கி நிலத்தைத் தொடக் கூடாது. வெட்டுகருவியைத் தரையில் ஊன்றினால் வெட்டுகிறவனுக்குப் பலம் கிடைக்கும். சாவித் துவாரம் கீழ்நோக்கி இருக்கட்டும். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் பூட்டு இறுகும். மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி விடுங்கள்.

பிரேம் நம்பரை இன்றே போனில் படமெடுத்து வையுங்கள். பெரும்பாலும் பெடல் அச்சுக்குக் கீழே, சில சைக்கிள்களில் சீற் குழாயில் அடித்திருக்கும். சேற்றைத் துடைத்தால்தான் தெரியும். ஒரே மாதிரிக் கறுப்புச் சைக்கிள்கள் ஊரில் எத்தனை! பொலிஸில் முறைப்பாடு கொடுக்கும்போது உங்களுடையது எது என்று காட்ட அந்த இலக்கம்தான் இருக்கிறது.

நிர்வாகத்திடம் தனியாகப் போய்க் கேட்காமல், சைக்கிளில் வருகிறவர்கள் எல்லோரும் கையெழுத்து வைத்து ஒரே பக்கத்தில் கடிதம் கொடுங்கள்: எத்தனை சைக்கிள், கேற்றடியில் எந்த இடம், வெல்டிங் கடை எழுதித் தந்த விலை. இருபது சைக்கிளுக்குப் பத்து வளையம், அதற்கு ஐந்து பைப், குறுக்குக் கம்பி, இரண்டு நாள் வேலை. கொங்கிறீற்றுக்கு ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். அதற்கு முன் சைக்கிளைச் சாய்த்தால் வளையம் ஆடத் தொடங்கிவிடும்.