மேட் பெயிண்ட் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு பெயிண்டர் சொல்வது

போன மாதம் ஒருவர் மேட் கறுப்புக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். வேறு இடத்தில் அடித்தது, ஆறு மாதம்கூட ஆகவில்லை. டிரைவர் பக்கக் கதவில் கைப்பிடியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுமினுப்பு. பானெட் நடுவில் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. "துடைக்கத் துடைக்க ஜாஸ்தியாகுதுங்க, பாலிஷ்கூடப் போட்டுப் பார்த்துட்டேன்" என்றார். பாலிஷ் என்றதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மேட் என்பது நிறம் இல்லை, பளபளப்பில்லாத மங்கல் தோற்றம். நிறம் தரும் பூச்சு பேஸ் கோட், அதன் மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு கிளியர். ஒரே கறுப்பு பேஸ் கோட்டின் மேல் பளபளப்பான கிளியரும் அடிக்கலாம், மேட் கிளியரும் அடிக்கலாம். மேட் கிளியரில் மாவைவிட மெல்லிய சிலிக்கா துகள்கள் கலந்திருக்கும். கிளியர் காய்ந்து சுருங்கும்போது அவை மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமாக ஆக்கிவிடும். விழுகிற வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்பாமல் சிதறிப்போகும். தேய்த்தால் அந்த மேடுகள் மழுங்கும், அந்த இடம் மட்டும் மின்னும். மின்னிய இடத்தைத் தேய்த்து மறுபடி மேட் ஆக்க முடியாது. சாதாரண பெயிண்டில் கீறல் விழுந்தால் 2000 நம்பர் வாட்டர் பேப்பர் என்ற நைசான உப்புத்தாள், அப்புறம் மெருகேற்றும் கம்பவுண்ட் என்று தேய்த்து எடுத்துவிடுவோம். இங்கே அந்தப் பேச்சே இல்லை. விரல் நீளக் கீறலுக்கும் கதவு முழுக்க அடித்தாக வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் வேலையை ஒப்புக்கொள்வேன். சிலர் யோசித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவார்கள். அதுவும் நல்லதுதான்.

சரி, நீடித்து நிற்க என்ன வேண்டும்? கெட்டியாக்கும் திரவமான ஹார்டனரைச் சேர்த்து அடிக்கும் மேட் கிளியர் வேண்டும், டூ-கே என்பார்கள். ஹார்டனரோடு வினை நடந்துதான் அது கெட்டியாகிறது. ஹார்டனர் இல்லாத சாதாரண ஸ்ப்ரே டப்பா பெயிண்ட் தின்னர் ஆவியாகி உலர்வதோடு சரி. பெட்ரோல் சிந்தினால் இளகிவிடும். பளபளப்பான கிளியரை அடித்துவிட்டு பேப்பரால் தேய்த்து மங்கலாக்கித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அன்றைக்குப் பார்க்க மேட் மாதிரிதான் இருக்கும். கைபடும் இடங்கள் சீக்கிரமே மினுங்கத் தொடங்கும். இன்னும் மங்கலாக வேண்டும் என்று, சிலிக்கா துகள் கலந்த மேட் பேஸ்டை அளவுக்கு மேல் சேர்ப்பதும் தப்பு. துகள் கூடக் கூட அதைப் பிடித்து வைக்கும் ரெசின் போதாமல் போகும். நகம் பட்டாலே வெள்ளைக் கோடு விழும்.

பட்டி, பிரைமர், தேய்ப்பு எல்லாம் எப்போதும்போலத்தான். தூசி விஷயத்தில் மட்டும் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். பளபளப்பு வேலையில் தூசி விழுந்தால் பிறகு தேய்த்து எடுக்கலாம். மேட் பெயிண்டில் விழுந்தது விழுந்ததுதான்.

உண்மையான வேலை கிளியரில் இருக்கிறது. டப்பாவில் சிலிக்கா அடியில் தங்கிவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் மேலாக நாலு சுற்றுச் சுற்றிவிட்டு அடிக்க ஆரம்பித்தேன். மறுநாள் பெயிண்ட் அடிக்கும் பூத்தில் விளக்கைப் போட்டால் காரின் இடப்பக்கம் பாதி மினுக்கம், வலப்பக்கம் கரும்பலகை. டப்பாவின் மேல்பாதி ஒரு பக்கத்துக்கும் அடிப்பாதி மறுபக்கத்துக்கும் போயிருக்கிறது! முழுக்காரையும் தேய்த்துத் திரும்ப அடித்தேன். இப்போது அடியில் எதுவும் ஒட்டவில்லை என்று குச்சியைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் ஹார்டனரையே எடுப்பேன்.

முதல் கோட் அடித்ததும் கண்ணாடிபோலத்தான் மின்னும். புதியவர்கள் இதைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். ஓரத்திலிருந்து மெல்ல மங்கிக்கொண்டே வரும், நடுவில் ஓர் ஈரத்திட்டு மட்டும் மிஞ்சும். அதுவும் மங்கி மறையும்வரை இரண்டாவது கோட் கூடாது. அவசரப்பட்டால் தின்னர் உள்ளே மாட்டிக்கொண்டு அங்கங்கே திட்டுத்திட்டாக மினுங்கும். கனமாக அடித்தாலும் மினுக்கம் ஏறும். அதனால் ஸ்ப்ரே கன்னின் தூரம், காற்றழுத்தம், ஒன்றின்மேல் ஒன்று ஏறும் அளவு எல்லாம் பம்பரிலிருந்து டிக்கி வரை ஒன்றாக இருக்க வேண்டும். விட்டுப்போன இடத்தைப் பிறகு தனியாகத் தொட்டால் பட்டையாகத் தெரியும். நான் முழுக்காரையும் ஒரே கலவையில், ஒரே மூச்சில் முடிப்பேன்.

மூச்சு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் என்ற ரசாயனம். தூசி மாஸ்க் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய்வழி காற்று வரும் மாஸ்க் போட வேண்டும். உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமல் போய்விட்டால், அப்புறம் கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா போல இழுக்கும். வீட்டு ஷெட்டில் தாங்களே அடித்துப் பார்க்க நினைக்கிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுவிடலாம்.

கார் கைக்கு வந்த பிறகு பாடு உங்களுடையது. மெழுகு, பாலிஷ், பிரஷ் சுற்றும் கார் வாஷ் மூன்றும் வேண்டாம். உலர்ந்த துணியால் தினமும் துடைப்பது எல்லாவற்றையும்விட மோசம். நிறையத் தண்ணீர், அமிலமும் காரமும் இல்லாத ஷாம்பு, மென்மையான மைக்ரோ ஃபைபர் துணி, அழுத்தாத கை. பறவை எச்சம் விழுந்தால் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து அன்றைக்கே எடுத்துவிடுங்கள். இவ்வளவு முடியாது என்றால் பளபளப்பான பெயிண்டின் மேல் மேட் ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாம். கெட்டுப்போனால் அந்தத் துண்டை உரித்து மாற்றிவிடலாம்.

அந்தக் கறுப்புக் கார்க்காரர் பானெட்டையும் கதவையும் மட்டும் அடித்தால் போதாதா என்று கேட்டார். மேட் பெயிண்டிலும் முழு மேட், பாதி மேட் என்று அளவுகள் உண்டு. மூன்று அளவில் மூன்று தகடுகள் அடித்துக் காயவைத்து அவருடைய ஃபெண்டர் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். நேராகப் பார்த்தபோது இரண்டாவது தகடு அச்சாகப் பொருந்தியது. குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் வெளுத்துத் தெரிந்தது. அவரே இரண்டு முறை குனிந்து பார்த்துவிட்டு, "முழுசா அடிச்சிடுங்க" என்று சாவியைக் கொடுத்தார். டிக்கியில் இருந்த பாலிஷ் டப்பாவை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.