சதுரத் தண்டை மட்டும் நம்பிப் பெயர் வைக்காதீர்கள்: புதினாக் குடும்பத் தாவரங்களை அடையாளம் காணல்

தண்டு சதுரம், இலைகள் எதிரெதிர், கசக்கினால் வாசம். இவை மூன்றையும் பார்த்தவுடன் ‘புதினாக் குடும்பம்’ என்று சீட்டு எழுதிவிடுகிறார்கள். உண்ணிச்செடிக்கும் இவை மூன்றும் உண்டு. அது வெர்பினேசி குடும்பம். அதன் இலையைத் தின்னும் கால்நடைக்கு ஈரல் கெடும். மூலிகை சேகரிப்பவர்கள் பூவைப் பார்க்காமல் பெயர் வைக்கவே கூடாது.

பூவில் பார்க்க வேண்டியது சூலகம், அதாவது பின்பு கனியாகும் பகுதி. அல்லிவட்டத்தை (இதழ்களை) மெல்ல உருவிவிட்டு, பத்து மடங்கு கைலென்ஸில் புல்லிவட்டத்தின் அடியைப் பாருங்கள். துளசி, தும்பை, புதினாவில் சூலகம் நான்கு மடல்களாகப் பிரிந்திருக்கும். சூலகத்திலிருந்து எழும் மெல்லிய காம்பான சூல்தண்டு அவற்றின் நடுவே, அடியிலிருந்து எழும். முற்றினால் நான்கு சிறுகொட்டைகள். உண்ணிச்செடியில் சூல்தண்டு சூலகத்தின் உச்சியில் நிற்கும், கனி சதைப்பற்றானது. மேலுதடு, கீழுதடு என்று பிரிந்த பூவைத் தேடி ஏமாற வேண்டாம்: புதினாப் பூவின் நான்கு மடல்களும் ஏறத்தாழச் சமம்தான்.

ஆனால் புதினாக் குடும்பத்தையே சேர்ந்த தேக்கு, நொச்சி, குமிழ் ஆகியவற்றில் சூல்தண்டு உச்சியில்தான் இருக்கும். அதனால்தான் நெடுங்காலம் அவற்றை வெர்பினேசியில் வைத்திருந்தார்கள். 1990களில்தான் புதினாக் குடும்பத்துக்கு மாற்றினார்கள். இங்கே கைகொடுப்பது பூங்கொத்து. பக்கக் கிளையில் நடுப்பூ முதலில் மலர்ந்தால் புதினாக் குடும்பம். கதிரில் கீழிருந்து மேலாக மலர்ந்துகொண்டே போனால் வெர்பினேசி.

இனிப் பெயர். புதினாக் குடும்பத்தின் அறிவியல் பெயர் லேமியேசி; லேமியம் என்ற பேரினத்தால் வந்தது. அதன் பழைய பெயரான லேபியேட்டேயும் விதிப்படி செல்லும். ஓர் அறிக்கையில் ஒன்றையே பயன்படுத்துங்கள். துளசிக்கு, இருசொல் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸே இரண்டு பெயர் வைத்தார்: 1753இல் ஓசிமம் டெனுய்ஃப்ளோரம், 1767இல் ஓசிமம் சாங்டம். முந்தியதே நிற்கும். கற்பூரவல்லி கோலியஸிலிருந்து பிளெக்ட்ராந்தஸுக்குப் போய், 2019இல் மீண்டும் கோலியஸ் அம்பாய்னிகஸ் ஆனது. ரோஸ்மேரி 2017 முதல் சால்வியா ரோஸ்மரினஸ். ஆகவே ஆய்வுக் கட்டுரை தேடும்போது பழைய பெயரையும் இட்டுத் தேடுங்கள். இல்லாவிட்டால் பாதித் தகவல் கண்ணில் படாது.

பெப்பர்மின்ட்டின் அறிவியல் பெயரில் (மெந்தா × பைபெரிட்டா) இரண்டு சொற்களுக்கும் நடுவே வரும் பெருக்கல் குறியைத் தட்டச்சில் விட்டுவிடுகிறார்கள். அது கலப்பினம் என்பதற்கான அடையாளம். நீர்ப்புதினாவும் ஸ்பியர்மின்ட்டும் கலந்து வந்தது. மலட்டுச் செடி என்பதால் ஓடுதண்டு நட்டுத்தான் பெருக்க வேண்டும். ‘பெப்பர்மின்ட் விதை’ என்று தருவதை வாங்கினால் வேறு புதினா முளைக்கும்.

மாதிரி எடுக்கும்போது பூங்கொத்து முழுவதையும் எடுங்கள். காகிதத்தில் அழுத்தினால் பூ நசுங்கி உதடும் சூலகமும் தெரியாமல் போகும். நாலைந்து பூக்களை 70 சதவீத ஆல்கஹாலில் தனியே போட்டு, மாதிரிக்குக் கொடுத்த அதே எண்ணைச் சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள். மை கரைந்துவிடும்.