ஆற்றல் பரிமாற்றம் அன்று, ஆற்றல் கையளிப்பு

சென்ற மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்லூரி மாணவி ஒளிரும் கண்ணாடியைப் பற்றித் தமிழில் பேசினாள். தெளிவான பேச்சு. ஆனால் ஆங்கிலத்தில் 'எனர்ஜி டிரான்ஸ்ஃபர்' எனப்படுவதைப் பத்து நிமிடத்தில் ஏழெட்டு முறை 'ஆற்றல் பரிமாற்றம்' என்றாள். குற்றம் அவளுடையதன்று, அவள் படித்த மொழிபெயர்ப்புகளில் அப்படித்தான் இருக்கிறது.

அந்தக் கண்ணாடியில் சில வெள்ளி அணுக்கள் சேர்ந்த கொத்துகளும், லாந்தனைடு வரிசைத் தனிமமான யூரோப்பியத்தின் அயனிகளும் கலந்திருக்கின்றன. யூரோப்பியம் புற ஊதாக் கதிரைத் தானாக மிகக் குறைவாகவே உறிஞ்சும். வெள்ளிக் கொத்து நன்றாக உறிஞ்சும். உறிஞ்சியதை வெளியே ஒளியாக விடாமலே பக்கத்து அயனியிடம் சேர்த்துவிடும். அயனி ஏறத்தாழ 612 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிரும். கொத்தின் சொந்த ஒளி மங்கி, அது நீடிக்கும் நேரமும் குறைவதே இதற்குச் சான்று.

'டிரான்ஸ்ஃபர்' இலத்தீன் வழிவந்த சொல். அப்பால் சுமந்து செல்வது என்று பொருள். சுமை ஒரு பக்கமாகத்தான் போகிறது.

பரிமாற்றம் என்றால் நம் காதில் விழுவது கொடுக்கல் வாங்கல். கருத்துப் பரிமாற்றம், கைதிகள் பரிமாற்றம் எல்லாம் இருவழி. "இலையில் சோறு பரிமாறுவது ஒருவழிதானே?" என்று கேட்டார் பழைய தலைமையாசிரியர் ஒருவர். வினை அப்படித்தான். ஆனால் கோயில் அன்னதானத்தில் யாராவது 'சோற்றுப் பரிமாற்றம்' என்று சொல்லிக் கேட்டதுண்டா? பெயர்ச்சொல் வேறு வழியில் போய்விட்டது. என் அம்மா மரத்தில் கட்டிய மங்குகளிலிருந்து மங்கு மங்காகச் சேர்த்த ரப்பர் பாலை வாளியில் சுமந்துவந்து ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியிடம் நிறுத்துக் கொடுப்பார். அதைப் பரிமாற்றம் என்று தோட்டத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

இன்னொரு கேடும் இருக்கிறது. ஜெர்மானிய அறிவியலார் ஃபோர்ஸ்டர் 1948இல் விளக்கியது மின் இருமுனைகளின் இடைவினையால் ஆற்றல் போகும் வழி. அமெரிக்க இயற்பியலார் டெக்ஸ்டர் 1953இல் எழுதிய வழியில்தான் எலெக்ட்ரான்கள் உண்மையாகவே இடம் மாற்றிக்கொள்கின்றன. பரிமாற்றம் என்ற சொல் அதற்கே உரியது. பொதுப்பெயராக அதைச் செலவழித்துவிட்டால் டெக்ஸ்டர் வழியை என்னவென்று அழைப்பது? 'ஆற்றல் பரிமாற்றப் பரிமாற்றம்' என்றா? 'கடத்தல்' என்போரும் உண்டு; அது வெப்பக் கடத்தலுக்கும் மின்கடத்தலுக்கும் நிலைத்துவிட்ட சொல்.

அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டும் பழக்கம் நம்மிடம் வேரோடிவிட்டது. யூரோப்பியம் போன்ற அருமண் தனிமங்களை, ஆங்கிலத்தில் 'ரேர் எர்த்' என்றிருப்பதால், 'அரிய பூமி' என்று எழுதுகிறார்கள். அங்கே 'எர்த்' என்பது பழைய வேதியியலார் ஆக்சைடுகளுக்கு இட்ட பெயர், நாம் நிற்கும் பூமியன்று.

நான் எழுதுவது 'ஆற்றல் கையளிப்பு'. கையளித்தல் நாளிதழ்களில் அன்றாடம் புழங்கும் சொல். ஒருவர் கொடுக்கிறார், மற்றவர் பெறுகிறார். கொத்து கையளிக்கிறது, அயனி ஏற்கிறது. சில வேளை அயனியிலிருந்து ஆற்றல் திரும்பிவருவதும் உண்டு. அதை 'மீள்கையளிப்பு' எனலாம். பரிமாற்றம் என்று தொடங்கியவர்கள் அந்த இடத்தில் என்ன எழுதுவார்கள் என்று அந்த மாணவியிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, தன் குறிப்பேட்டில் முதல் பக்கத்திலிருந்தே அடித்துத் திருத்தத் தொடங்கினாள்.