குழாயைத் திறக்கும்போது வரும் துரு

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் குடிநீர்க் குழாயைப் பழுதுபார்த்து முடித்தால், முதல் குடத்தை யாரும் சமையலறைக்குள் கொண்டுபோகமாட்டார்கள். செம்பழுப்பாகக் கொட்டும் அந்தத் தண்ணீர் வாசல் கழுவத்தான் போகும். தண்ணீர் நின்றிருந்த நேரத்தில் உள்ளே இளகிக் கிடந்த துருவெல்லாம், அது திரும்பப் பாயும்போதுதான் வெளியே வருகிறது.

பெரியப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை என்றபோது எனக்கு அந்தக் குடம்தான் நினைவுக்கு வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நாற்பது ஆண்டுப் பீடிப் பழக்கம். நூறடி நடந்தால் கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். வயிற்றுக்குள் பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அடைப்பு. அதைத் தாண்டிச் செல்ல ஒரு செயற்கைக் குழாயைத் தைத்துச் சேர்க்கவேண்டும். தைத்து முடிக்கும் வரை மேலே கிளாம்ப் போட்டு ரத்தத்தை நிறுத்திவைப்பார்கள்.

ரத்தம் வராத நேரத்தில் தசை கெடும் என்பது யாருக்கும் புரியும். கிளாம்பை எடுத்த பிறகும் கெடும் என்பதுதான் விசித்திரம்.

ஆக்சிஜன் இல்லாத செல், ஏடிபி என்ற தன் ஆற்றல் கையிருப்பை உடைத்து உடைத்துச் செலவழிக்கிறது. கடைசியில் ஹைப்போசாந்தைன் என்ற கழிவு தேங்குகிறது. செல்லின் ஆற்றல் ஆலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சக்சினேட் என்ற எரிபொருள் எரியாமல் குவிகிறது. ரத்தம் திரும்பும் வரை இரண்டும் சும்மா கிடக்கும். ஆக்சிஜன் வந்த மறுகணம், ஹைப்போசாந்தைனைச் சிதைக்கும் நொதியும் சக்சினேட்டை அவசர அவசரமாக எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் எலக்ட்ரான்களைச் சிந்தத் தொடங்குகின்றன. சிந்தியதை ஆக்சிஜன் பிடித்துக்கொண்டால் அது சூப்பர்ஆக்சைடு. உடல் அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக்கும். கேட்டலேஸ் போன்ற நொதிகள் அதையும் தண்ணீராக்கிவிடும். வரத்து வெள்ளமாக இருந்தால் நொதிகள் எங்கே ஈடுகொடுப்பது? மிஞ்சிய பெராக்சைடு, கட்டவிழ்ந்து திரியும் இரும்பைத் தொட்டால், கண்டதையெல்லாம் அரிக்கும் ஹைட்ராக்சில் என்ற துணுக்கு பிறக்கிறது. இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் காட்டும் மூர்க்கத்தை ஃபென்டன் என்ற வேதியியலாளர் 1894இலேயே பதிவுசெய்துவிட்டார். கொழுப்பாலான செல் சவ்வை ஹைட்ராக்சில் அரிப்பதும், எண்ணூர்க் கடற்காற்றில் ஜன்னல் கம்பி அரிபடுவதும் ஒரே குடும்பத்து வேதியியல். மருத்துவத்தில் இதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர்.

கால் தசையோடு இது நிற்பதில்லை. தேங்கிய அமிலமும் பொட்டாசியமும் ரத்தத்தோடு இதயத்துக்கு வரும். ரத்த அழுத்தம் சரியும். அதனால்தான் அறுவை மருத்துவர் மயக்கவியல் மருத்துவரிடம் குரல் கொடுத்துவிட்டு, கிளாம்பை மெல்ல மெல்லத் தளர்த்துகிறார்.

மயக்க வாயு நம் கதைக்குள் வருவது இங்கேதான். வாயு என்கிறோமே தவிர, செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் மூன்றும் புட்டிக்குள் திரவமாகவே இருக்கின்றன. செவோஃப்ளூரேன் கொதிக்க 58 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும்; டெஸ்ஃப்ளூரேனுக்கு 23 டிகிரியே போதும். காசிமேட்டு வெயிலில் டெஸ்ஃப்ளூரேனைத் திறந்துவைத்தால் அடுப்பே இல்லாமல் கொதித்துப் போய்விடும்! அதற்கென்றே மின்சாரத்தில் இயங்கும் தனி ஆவியாக்கி உண்டு. செவோஃப்ளூரேனின் அடையாள நிறம் மஞ்சள். அந்த ஆவியாக்கியின் குமிழை 2 விழுக்காட்டுக்கு அருகே வைத்தால் நோயாளியின் உறக்கம் கலையாது.

உறங்கவைக்கும் இந்த ஆவி, செல்லுக்குள் இன்னொரு வேலையும் பார்க்கிறது. மைட்டோகாண்ட்ரியாவை இலேசாகச் சீண்டி, அதே ஆக்சிஜனேற்றப் பொருளைத் துளியளவு உண்டாக்குகிறது. வெள்ளமாக வந்தால் கொல்லும் பொருள், துளியாக வந்தால் செல்லை உஷார்ப்படுத்துகிறது: மைட்டோகாண்ட்ரியாவின் பொட்டாசியம் வாசல்கள் திறக்கின்றன, உள்ளே கால்சியம் அளவுக்கு மீறிச் சேராமல் தடுக்கப்படுகிறது, செல்லைச் சாகடிக்கும் துளை திறப்பது தள்ளிப்போகிறது. அம்மை குத்துவதைப் போல என்று சொல்லலாம். மருந்தே இல்லாமலும் இது நடக்கும் என்பது 1986இல் தெரியவந்தது. நாய்களின் இதயத் தமனியை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்த பிறகு 40 நிமிடம் அடைத்தார்கள். அந்த ஒத்திகை இல்லாத நாய்களோடு ஒப்பிட்டால் இறந்த தசை நான்கில் ஒரு பங்குதான்.

இதைப் படித்துவிட்டு, “எனக்கு இந்த வாயுதான் வேண்டும்” என்று மருத்துவரிடம் அடம்பிடிக்கவேண்டாம். ஊசி வழியே செலுத்தும் புரோப்போஃபால், வைட்டமின் ஈ போலத் தானே ஆக்சிஜனேற்றத் தடுப்பானாக வேலை செய்யும். ரத்தத்தில், கொழுப்பு அரிபடும்போது மிஞ்சும் மலோன்டைஆல்டிஹைடு போன்ற தடயங்களை அளந்த ஆய்வுகளில் சில வாயுவின் பக்கம், சில ஊசியின் பக்கம். தடயம் குறைவது வேறு, ஆள் பிழைப்பது வேறு. இதய பைபாஸ் செய்துகொண்ட 5,400 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் வாயுப் பிரிவில் 2.8 விழுக்காடு, ஊசிப் பிரிவில் 3.0 விழுக்காடு. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அது இதயம், இது கால். ஆனாலும் என் ஆர்வத்தை அடக்கிக்கொள்ள அந்த எண்கள் எனக்குப் போதும்.

அறுவைக்கு முந்தைய நாள் மயக்கவியல் மருத்துவர் வந்தார். கட்டிலருகே நின்று வாயைத் திறக்கச் சொன்னார், கழுத்தை அண்ணாந்து காட்டச் சொன்னார். எந்த வாயு என்று கேட்க நான் காத்திருந்தேன். அவர் பெரியப்பாவிடம் கேட்டது வேறு. பீடிப் புகையின் ஒவ்வோர் இழுப்பும், வெளியிலிருந்தே வந்து சேரும் ஆக்சிஜனேற்றச் சுமை.

“கடைசியாக எப்போது புகைத்தீர்கள், ஐயா?”

“அதை விட்டு ஒரு மாதம் ஆகிறது, டாக்டர்” என்றார் பெரியப்பா, தீப்பெட்டி இருந்த சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டு.